நெற்றியைத் தொடக்கூடாது

என் கணவர் பட்டாபிராமன் அழுதால் சபையே அழும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பகல் முழுக்க செங்கல்பட்டு கருவூலத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பில்லில் குற்றம் கண்டுபிடிப்பார். சாயங்காலமானால் பஞ்சகச்சமும் பளிச்சென்று திருமண்ணுமாக உபன்யாசத்துக்குக் கிளம்பிவிடுவார். கிழ ராஜா பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பும் கட்டம் வந்தால் நெற்றியைச் சுருக்குவார். குறுக்கே வரிவரியாகக் கோடு விழும், புருவங்களுக்கு நடுவில் நெட்டுக்கு இரண்டு பள்ளம் விழும், குரல் உடையும். முன்வரிசை மாமிகள் புடவைத் தலைப்பைக் கண்ணுக்கு எடுப்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பு போதவில்லை என்று அதே நெற்றியை அதே அளவு சுருக்குவார். கிழ ராஜாவுக்கும் ரசத்துக்கும் ஒரே சுருக்கம்தான். இத்தனை வருஷம் எதிரில் நின்று பரிமாறியவளுக்கு அது தெரியும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அவருக்கு டிவி ஆசை வந்தது. சென்னையில் ஒரு தனியார் டிவியில் விடியற்காலையில் கால் மணி நேரம் ஆன்மிகம் பேச ஆள் தேடினார்கள். தேஜஸ் என்று ஒரு பையன், தயாரிப்பாளராம், கேமராவோடு எங்கள் வீட்டுக்கே வந்து மாதிரிக்குக் கொஞ்சம் படம் பிடித்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து போன் செய்தான்.

"சார், வாய்ஸ் சூப்பர். மேட்டர் சூப்பர். க்ளோஸப்ல மட்டும் நெத்திக் கோடு ரொம்பத் தெரியுது. கோவமா இருக்கிற மாதிரி இருக்கு. காலைல எழுந்ததும் பாக்கறவங்களுக்குச் சாந்தமா ஒரு முகம் இருந்தா நல்லா இருக்கும். மேக்கப்ல மறையாது சார். நீங்களே ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க. அடுத்த மாசம் பைனல் பண்ணிடுவோம்."

என் கணவர் கண்ணாடி முன்னால் குடியேறினார். உடம்பு வெறும் சட்டை, கிழிந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று மைக்கைப் பிடித்து ஊர் ஊராகச் சொல்கிறவர் அவர். இப்போது அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட ஆள் தேடினார். ஆளும் கிடைத்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரச் சாலையில் ஒரு ரிசார்ட். அதற்குள் வெள்ளைக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற இடத்தை ஒட்டி ஒரு தோல் டாக்டர் கிளினிக் வைத்திருந்தாள். நெற்றியில் ஊசி போட்டால் சதை அடங்கிவிடும், கோடு காணாமல் போய்விடும் என்றார்கள்.

ஊசி என்றால் மனுஷருக்கு உள்ளங்கை வேர்க்கும். அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலையை விட்டுவிட்டு லீவு போட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் மாமல்லபுரத்திலிருந்து மன்னி போன் பண்ணினாள். மன்னி என்றால் என் கணவரின் அண்ணா ஜானகிராமனுடைய மனைவி. அண்ணாவுக்கு ஒரு மாசமாக உடம்பு சரியில்லை. "ரெண்டு நாளா ஆகாரமே எறங்கலை சௌந்தரம். 'பட்டாபி வரானா, பட்டாபி வரானா'ன்னு கேட்டுண்டே இருக்கார். வேற எதுவும் கேக்கலை" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "முதல்ல அப்பாயின்ட்மென்ட்" என்றார்.

இந்த அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பனார் போனபோது இவருக்கு எட்டு வயசு, அண்ணாவுக்கு இருபத்து மூன்று. மாமல்லபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து இவரைப் படிக்கவைத்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு பஸ் ஏற்றி அனுப்பி, என்னைக் கல்யாணமும் பண்ணிவைத்தவர். சின்ன வயசில் இவர் குன்றுப் பக்கம் பாறைச் சரிவில் சறுக்கி விளையாடி, தலைகுப்புற வந்து விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். ரத்தம் நிற்பதற்காக அந்த நெற்றியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அண்ணா ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். இடது புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் ஒரு பள்ளமாக இருக்கிறது. பின்னால் கண் அழுத்த நோய் வந்து அண்ணாவுக்குப் பார்வை மொத்தமாகப் போய்விட்டது. அதிலிருந்து இவர் எப்போது போனாலும், "கிட்ட வா" என்பார். உள்ளங்கையை இவர் நெற்றியில் வைத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துத் தேடி, தழும்பு அகப்பட்டதும், "சரி, நீதான்" என்பார். பிறகுதான் மற்றப் பேச்சு. அவருக்குத் தம்பியைப் பார்ப்பது என்றால் அதுதான்.

கிளினிக்கில் டாக்டர் சாருலதா இவரை நாற்காலியில் சாய்த்து, "கோவமாப் பாருங்க சார்" என்றாள். எங்கே கோடு விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டுமாம். இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை. அவள் பேனாவால் புள்ளி வைத்தாள். புள்ளி வைத்த இடத்திலெல்லாம் மெல்லிய ஊசியால் குத்தினாள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அஷ்டாட்சரம் ஜபித்தார். பகவானுக்கும் வேறு வேலை இல்லை பாருங்கள்.

முடிந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "நாலு மணி நேரத்துக்குப் படுக்காதீங்க, குனியாதீங்க. நாளைக்கு இந்த நேரம் வரைக்கும் நெத்தியை அழுத்தித் தேய்க்காதீங்க, மசாஜ் பண்ணாதீங்க. மருந்து பக்கத்துல பரவிச்சுன்னா இமை தொங்கிடும், அதுக்காகத்தான். வெயில்ல அலையறது, ரொம்பச் சூடான வெந்நீர், உடற்பயிற்சி எல்லாம் ரெண்டு நாளைக்கு வேண்டாம். பலன் உடனே தெரியாது. ஒரு வாரம் பத்து நாள் ஆகும்."

"சேவிக்கலாமோ?" என்று கேட்டார் இவர்.

அவளுக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன், தரையில் விழுந்து நெற்றி படுகிற மாதிரி நமஸ்காரம் பண்ணுவது என்று. "இன்னிக்கு வேண்டாமே" என்றாள்.

"திருமண்?"

"அதுவும் நாளைக்கு வச்சுக்கலாம்."

"யாராவது நெத்தியைத் தொட்டா?"

"லேசாத் தொட்டா ஒண்ணும் ஆகாது சார். முகம்கூடக் கழுவலாம். அழுத்தித் தேய்க்காம இருந்தாப் போதும்."

இதை அவர் தன் இரண்டு காதாலும் கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

வெளியே வரும்போதே மனுஷர் நடை மாறிவிட்டது. ஏகாதசி அன்றைக்கு ரவா உப்புமாவை இரண்டாம் தடவை கேட்கிறவர், புரட்டாசிச் சனிக்கிழமை பஜ்ஜிக் கடையில் நிற்கிறவர், இந்த விரதத்தைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, அப்படி ஒரு சிரத்தையை நான் அவரிடம் கண்டதே இல்லை. கழுத்தை விறைத்துக்கொண்டு, செருப்பைக் குனியாமல் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டார். டாக்டர் சொன்னது மூலம். இவர் அதற்குச் செய்துகொண்ட வியாக்கியானம் அதைவிடப் பெரிது. தேய்க்கக்கூடாது என்றால் தொடக்கூடாது, தொடக்கூடாது என்றால் காற்றே படக்கூடாது.

வாடகைக் கார் ஓட்டி வந்தவன் மாரி, புதுப்பட்டினத்துக்காரன். கண்ணாடியில் இவரைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கழுத்து புடிச்சிகிச்சா? ஆடாம அசையாம குந்திகினு கீறீங்க" என்றான்.

"ஜன்னலை ஏத்துப்பா. வெயில் படறது" என்றார் இவர்.

"ஏசி ரிப்பேராயிப் பூட்ச்சி சார். கண்ணாடிய ஏத்துனா வெந்துருவீங்க."

இவர் யோசித்தார். சூடும் கூடாது, வெயிலும் கூடாது. கடைசியில் என் புடவைத் தலைப்பை வாங்கி, நெற்றியில் படாமல் முகத்துக்கு முன்னால் பந்தல்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கருவூலத்தில் இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமல்லபுரம் வந்ததும் நான் மாரியிடம் ஊருக்குள் திருப்பச் சொன்னேன்.

"வேண்டாம். நேரா ஆத்துக்குப் போகலாம். நாளைக்கு வந்து ஆற அமரப் பார்த்துக்கறேன்" என்றார் இவர்.

"மன்னி காலம்பற என்ன சொன்னான்னு சொன்னேன் இல்லையா?"

"ஒரு நாள்தானே சௌந்தரம்."

"திருப்புப்பா" என்றேன். மாரி திருப்பினான். இவர் தலைப்புக்குப் பின்னாலிருந்து ஏதோ முனகினார்.

தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் அண்ணா வீடு. மன்னி வாசலுக்கே வந்துவிட்டாள். இவர் நெற்றியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கினாள். திருமண் இல்லாமல் வெறும் நெற்றியோடு இவரை அவள் பார்த்ததில்லை. கொசு கடித்தாற்போல் அங்கங்கே சிவந்தும் இருந்தது.

"என்ன இது, நெத்தியெல்லாம்?"

"வேர்க்குரு மன்னி" என்றார்.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அண்ணா படுத்திருந்தார். நல்ல உயரமான மனுஷர், கட்டிலில் பாதியாகக் கிடந்தார். எங்கள் வீடுகளில் ஊரிலிருந்து வந்தால் பெரியவர்களை முதலில் விழுந்து சேவிக்க வேண்டும், காப்பிகூட அப்புறம்தான். அதற்காக மன்னி கட்டிலருகே இருந்த முக்காலியை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள். இவர் நின்ற இடத்தில் நின்றபடியே கையைக் கூப்பினார். மன்னி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முக்காலியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"பட்டாபியா?" என்றார் அண்ணா.

"ஆமாம் அண்ணா."

"கிட்ட வா."

போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. ஆகாரம் இறங்காத உடம்பு, தூக்கியதே பெரிய காரியம். அந்தக் கை வழக்கமான உயரத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில் விரலை விரித்துக்கொண்டு நின்றது. அங்கே நெற்றி இல்லை. இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் இவர் பக்கத்தில் போய், "கிட்டப் போங்கோ. தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னா" என்றேன்.

"அண்ணா தொடமாட்டார். தேய்ப்பார்" என்றார், என் காதோடு. "தழும்பு அகப்படற வரைக்கும் விடமாட்டார். அந்த இடத்துலதான் ஊசி போட்டிருக்கா. இமை தொங்கினா என்ன பண்றது? டிவிக்காரா முடிவு பண்ண இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

அண்ணா கை அந்தரத்தில் இடப்பக்கம் கொஞ்சம் துழாவியது, வலப்பக்கம் கொஞ்சம் துழாவியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் கட்டிலருகே மண்டிபோட்டு அந்தக் கைக்கு அடியில் என் நெற்றியைக் கொடுத்தேன். உள்ளங்கை சில்லிட்டிருந்தது. கட்டை விரல் என் புருவத்துக்கு மேலே போய்த் தேடியது, திரும்பி வந்தது, மறுபடி தேடியது.

"இது சௌந்தரம். குங்குமம் ஒட்டறது" என்றார். லேசாகச் சிரித்தார். "அவன் எங்க?"

"இங்கதான் இருக்கேன் அண்ணா."

"குரல் வந்திருக்கு. நீ வாடா."

"எனக்கு ஜலதோஷம் அண்ணா. உங்களுக்கு ஒட்டிண்டுடும். நெஞ்சுல கட்டிண்டா கஷ்டம்." சொல்லிவிட்டு, கூடவே ஒரு இருமலும் இருமினார். அந்த இருமலுக்காகவே அந்த மனுஷரை நான் மன்னிக்க மாட்டேன். எத்தனை சபைக்குக் குரலால் படியளந்தவர்! நெஞ்சிலிருந்து சளியோடு புறப்பட்டு வந்தது அது.

அண்ணாவின் கை இன்னும் என் நெற்றியில்தான் இருந்தது. "அப்படியா" என்றார் பிறகு. "மிளகு ரசம் பண்ணிப் போடச் சொல்லு. வெயில்ல அலையாதே. நன்னாத் தூங்கு."

டாக்டர் சாருலதாவும் வெயிலில் அலையாதே என்றுதான் சொன்னாள். அவள் சொன்னதைத்தான் இவர் கேட்டார். அண்ணா கையை எடுத்துத் தன் மார்பின் மேலேயே வைத்துக்கொண்டார். மன்னி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இவர் டம்ளரைத் தலை சாய்க்காமல் எப்படித் தூக்கிக் குடிப்பது என்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜலதோஷக்காரருக்குக் காப்பிகூட வேண்டாமா என்று மன்னி கேட்கவில்லை. மன்னிக்குக் கண் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டினதும் இவரே ஆரம்பித்தார். "நாளைக்கு இதே நேரத்துக்கு மேல எந்தத் தடையும் இல்லை. நாளைக்கே வந்து நாள் பூரா உக்காந்துண்டிருக்கேன். அண்ணா எவ்வளவு வேணா தேய்க்கட்டும். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே?"

"ஏன்னா, நாளைக்கு அவர் இருக்கணுமே."

"அபசகுனமாப் பேசாதே" என்றார். நெற்றியைச் சுருக்கப் போனவர், நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி படுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு நான்கு மணி நேரம் ஆனால் போதும் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். இவர் இருந்தாலும் எதற்கு என்று சாய்வு நாற்காலியில் தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

விடியும்போது மன்னி போன் பண்ணினாள். அழவில்லை. "போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள்.

இவர் நாற்காலியிலிருந்தே அழுதார். நிஜமாகத்தான் அழுதார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்ணைத் துடைத்த கை கன்னத்தோடு நின்றுவிட்டது. மேலே போகவில்லை.

அண்ணாவின் பிள்ளை ராமானுஜம் பெங்களூரிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகும் என்றார்கள். நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். கூடத்தில் அண்ணாவைக் கிடத்தியிருந்தார்கள். கூட்டம் வந்தது, இவர் சுவரோரம் விறைப்பாக உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அண்ணாவோடு வேலை பார்த்த பக்தவத்சலம், கோயில்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து அண்ணாவிடம் படித்தவர்கள் வந்தார்கள். அதில் ஆதியம்மாள் என்று ஒருத்தி மீன்கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, "இன்னா சாரே, சொல்லாம கொள்ளாம பூட்டியே" என்று ஒரே அழுகையாக அழுதுவிட்டுப் போனாள். அவள் நெற்றி கன்னம் எல்லாம் சுருங்கிப்போயிருந்தது. யாருக்காகவும் அவள் அதை அடக்கவில்லை.

ராமானுஜம் வந்தான். எடுக்கிற நேரம் நெருங்கியது. அப்போதுதான் நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடியாரத்தையும் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். ஒரு விரல் நுனியால் புருவத்துக்கு மேலே மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

கூட்டம் வழிவிட்டது. இவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நெற்றி தரையில் பட்டது. எழுந்து மண்டிபோட்டு, "அண்ணா" என்று ஒரு குரல் கொடுத்தார். கிழ ராஜாவுக்குக்கூட அப்படி ஒரு குரல் வந்ததில்லை. அண்ணாவுடைய வலது கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அது விறைத்துப்போயிருந்தது, விரல் மடங்கவில்லை. இவர் விடவில்லை. அந்தக் கட்டை விரலைப் பிடித்துத் தழும்பின் மேலே இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டார். பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை கிளம்பியது. பக்தவத்சலம் மூக்கைச் சிந்திவிட்டு, "தம்பின்னா இப்படின்னா இருக்கணும்" என்றார்.

நான் மன்னியைப் பார்த்தேன். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீட்டு நாட்களில் எங்கள் வீட்டு ஆண்கள் திருமண் இட்டுக்கொள்வதில்லை. ஊசிக்கு அதுவும் சௌகரியமாகப் போயிற்று. நெற்றியில் எதுவும் படாமல் நாளுக்கு நாள் மருந்து பிடித்தது. முதலில் புருவ நடுப் பள்ளம் மறைந்தது, பிறகு கோடுகள் மறைந்தன. பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு மாமல்லபுரத்துக்கு நாங்கள் போனபோது அவர் நெற்றி கஞ்சி போட்டுத் தேய்த்த வேஷ்டிபோல இருந்தது. மன்னி ராமானுஜத்தின் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். இவரும் பக்கத்தில் நின்று ஏதோ ஆறுதல் சொன்னார். சொன்ன வார்த்தைக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வரிசையில் நிற்பவர் மாதிரி நின்றார்.

ஊர் அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்தது. "பாத்தேளா, எத்தனை துக்கம், முகத்துல ஒரு சலனம் உண்டா? எத்தனை படிச்சு என்ன, இது வரணுமே. ஞானின்னா இவர்தான்" என்று பக்தவத்சலம் பந்தியில் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அவர் பக்கத்து இலைக்காரர் ஆமோதித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாயச வாளியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். படித்த கூட்டம். சதைக்கு மருந்து கொடுத்து மரத்துப்போக வைத்தால் அதற்குப் பெயர் ஞானம். இவர்களுக்கு வாய்த்த பாகவதர் இவர், இவருக்கு வாய்த்த பக்தர்கள் இவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம், "எல்லாரும் சொல்றா சௌந்தரம், எனக்கே ஒரு நிதானம் வந்துடுத்துன்னுதான் தோண்றது" என்றார். நம்பித்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுபடி படம் பிடித்துப் பார்த்ததும் தேஜஸ் பூரித்துப்போனான். "சார், முகம் செம சாந்தம். எங்க எம்.டி.யே கேட்டாரு, யாரு இந்த சாமின்னு" என்றான். காலை நிகழ்ச்சி இவருக்கே என்று முடிவானது.

முதல் ஒளிபரப்பு அன்றைக்கு இவர் விடியற்காலையிலேயே குளித்து, டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு டிபன் கட்டிக்கொண்டே கூடத்தைப் பார்த்தேன். திரையில் பூ அலங்காரத்துக்கு நடுவில் இவர். அண்ணாவின் பாதுகையைத் தம்பி தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடக்கும் கட்டம். குரல் உடைந்தது. முகம் உடையவில்லை. கதை முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, கேமராவை நேரே பார்த்தார்.

"எனக்கும் ஒரு தமையனார் இருந்தார். கண் பார்வை இல்லாதவர். என் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. அதைத் தொட்டுப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொள்வார். சமீபத்தில் ஆசார்யன் திருவடி சேர்ந்தார். கடைசியாக என் நெற்றியில் கை வைத்து, அந்தத் தழும்பைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இந்த நெற்றிக்கு அதைவிட வேறு என்ன பாக்கியம் வேணும்?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திரையில் இருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணில் ஜலம் வந்திருந்தது. அவருக்கே பிடித்துப்போய்விட்டது.

போன் அடித்தது. "எனக்குத்தான் இருக்கும். எல்லாரும் பாத்திருப்பா" என்று கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு எடுத்தேன்.

மன்னி. அவள் வீட்டிலும் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"சௌந்தரம்" என்றாள். "எல்லாம் கேட்டேன். நன்னாத்தான் சொல்றார். தடவிக் குடுத்தப்போ உயிர் இருந்துதான்னு மட்டும் யாரும் கேக்கலையோ?"

நான் ரிசீவரை இவர் நீட்டிய கையில் கொடுத்துவிட்டு, டிபன் டப்பாவை மூடப் போனேன்.